சிரிப்பை வெட்டிவிட்டார்கள்

"அம்மா, அந்தப் படத்தைப் பார்த்துட்டேன்," என்றான் லைல் தொலைபேசியில்.

"எந்தப் படம்?"

"அப்பா வர்ற படம்."

அடுப்பில் பீன்ஸ் கொதித்துக்கொண்டிருந்தது. இறக்கி வைத்துவிட்டு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன். படம் எங்கள் கார்வெலுக்கு இன்னும் வரவில்லை. டெக்சாஸின் வடக்கு மூலையில், பருத்திக் காடும் மேய்ச்சல் நிலமுமாகக் கிடக்கிற ஊருக்கு எதுவும் கடைசியாகத்தான் வரும். லைல் படிக்கிற ஆஸ்டினில் எல்லாம் முதலிலேயே வந்துவிடும்.

"எப்படி இருக்கார் அப்பா?" என்று கேட்டேன்.

லைன் கரகரவென்றது.

"லைல், லைன்ல இருக்கியா?"

"இருக்கேன். நீ பார்க்காதேம்மா."

"ஊரே பார்க்கப் போகுது. தியேட்டர் வாசல்ல 'நம்ம ஹாய்ட் நடித்த படம்'னு துணி கட்டிட்டாங்க. நான் எப்படிப் பார்க்காம இருக்கிறது?"

"இங்கே எல்லாரும் ஊளையிட்டாங்க. அப்பா முகம் வந்ததும் திரை மேல பாப்கார்னை வீசினாங்க. பக்கத்துல இருந்தவன் 'யார்றா இந்தக் கெழட்டு மிருகம்'னு கேட்டான்."

"நீ என்ன சொன்னே?"

"தெரியாதுன்னு சொன்னேன்."

அவனே பேசினான். "சனிக்கிழமை வீட்டுக்கு வர்றேன்."

"சனிக்கிழமை வேணாம்ப்பா. அன்னிக்குத்தான் இங்கே படம். ஊரே உங்கப்பாவைச் சுத்தி நிக்கும். அடுத்த வாரம் வா."

"அடுத்த வாரம் முடியாது. திங்கட்கிழமை பட்டாளத்துல வந்து சேரச் சொல்லியிருக்காங்க."

"சேரப் போறியா?"

"வந்து பேசறேன்."

"லைல், முடியையாவது வெட்டிக்கிட்டு வா."

"மாட்டேம்மா," என்றான். கோபமில்லாமல்தான் சொன்னான். ஏற்கெனவே முடிவெடுத்துவிட்டவன் குரல் அது.

வியட்நாம் சண்டைக்குக் கட்டாயமாக ஆள் எடுத்த அந்த வருஷம், பட்டாளத்துக்குப் போகாதவர்கள் எங்கே போகிறார்கள் என்பது எல்லாத் தாய்க்கும் தெரியும். வடக்கே, எல்லை தாண்டி, கனடாவுக்கு. போனவர்கள் திரும்ப முடியாது. அப்படி அவன் போவதாக இருந்தால், போவதற்கு முன் ஒருமுறை அப்பனும் மகனும் ஒரே மேசையில் உட்கார்ந்து, முகம் பார்த்து, ஒரு தட்டு சோளரொட்டியைப் பகிர்ந்து சாப்பிட வேண்டும். எனக்கு வேண்டியது அவ்வளவுதான். அதற்குக் குறுக்கே அந்தப் படம் வந்து நின்றது.

போன வருஷம் பருத்தி விதைக்கிற சமயத்தில் படக்காரர்கள் வந்தார்கள். எல்லோருக்கும் தாடி. டைரக்டர் என்று சொன்னவருக்கு என் தம்பி வயசுகூட இருக்காது, கழுத்தில் பாசிமணி போட்டிருந்தார். நெடுஞ்சாலையோரம் எங்கள் பெட்ரோல் பங்க்கைப் பார்த்ததும் வண்டியை நிறுத்திவிட்டார்கள். ஹாய்ட்டிடம் வந்து, "எங்க படத்துல ஒரு பங்க்காரர் வேணும். நீங்களே இருங்க," என்றார்களாம்.

"எனக்கு நடிக்கத் தெரியாதே," என்றிருக்கிறார் இவர்.

"நடிக்க வேணாம் சார். எங்க பசங்க ரெண்டு பேர், கடைகளுக்கு ரொட்டி கொண்டு போற ஒரு பழைய வேன்ல வந்து பெட்ரோல் கேப்பாங்க. நிஜமா அப்படி வந்தா நீங்க என்ன சொல்வீங்களோ, அதைச் சொல்லுங்க. எழுதிக் கொடுக்கிற வழக்கம் எங்களுக்கு இல்ல."

அப்படித்தான் அவர்கள் ஊர் ஊராக எடுத்துக்கொண்டு போனார்கள். வழியில் அகப்பட்ட ஆளைப் பிடித்து, அவன் வாயில் வருவதை அப்படியே படமாக்குவது. அன்றைக்கு நான் என் அக்கா வீட்டுக்குப் போயிருந்தேன். திரும்பி வந்து, "என்ன பேசினே ஹாய்ட்?" என்று கேட்டால் இவர் சிரித்தார். "சும்மா ரெண்டு வார்த்தை. நம்ம குரோவரும் ஊர்க்காரங்களும் சுத்தி நின்னாங்க. அவங்க சிரிக்கணுமேன்னு ஒண்ணு சொன்னேன்," என்றார். அதற்கு மேல் வாயைத் திறக்கவில்லை. அப்போது லைலுக்கு முடி காதைத் தாண்டாது. செப்டம்பரில்தான் அவன் ஆஸ்டின் போனான். கிறிஸ்துமஸுக்கு வரவில்லை, முடி வளர்ப்பதாக எனக்கு ஒரு கடிதம் மட்டும் எழுதினான்.

வெள்ளிக்கிழமை சாப்பிடும்போது மெல்ல ஆரம்பித்தேன். "லைல் நாளைக்கு வர்றான்."

"வரட்டும். படம் பார்த்துட்டுப் போகட்டும்."

"அவன் பார்த்துட்டானாம்."

ஹாய்ட்டின் முள்கரண்டி நின்றது. "என்ன சொன்னான்?"

"லைன் சரியில்ல, ஒண்ணும் கேக்கல. ஹாய்ட், அவன் கொஞ்சம் முடி வளத்திருக்கான்."

"கொஞ்சம்னா?"

"காதுக்குக் கீழே."

"முழங்காலும்தான் காதுக்குக் கீழே இருக்கு. எதுவரைக்கும்னு சொல்லு."

"எனக்கென்ன தெரியும், நான் என்ன ஃபோன்ல முடியையா பார்த்தேன்?"

அவர் தட்டைத் தள்ளி வைத்துவிட்டு எழுந்தார். வாசலில் நின்று சாலையைப் பார்த்துக்கொண்டிருந்தார். பட்டாளத்து விஷயத்தைச் சொல்ல வாயெடுத்தேன். அந்த முதுகைப் பார்த்ததும் சொல்லாமல் தட்டை எடுத்துக் கழுவப் போனேன்.

சனிக்கிழமை மத்தியானக் காட்சி. சர்ச்சுக்கு வருகிற அதே ஆட்கள், அதே சட்டைகளில் வந்திருந்தார்கள். பங்க்கை ஒட்டிச் சிற்றுண்டிக் கடை வைத்திருக்கிற ஓபல் எனக்குப் பக்கத்தில் உட்கார்ந்தாள். பருத்தி பயிரிடும் குரோவர் பின்வரிசையில். ஹாய்ட்டும் அவரும் பள்ளிக்கூடத்திலிருந்தே ஒன்றாகத் திரிந்தவர்கள்.

ஊர் முழுக்க ஒரு நினைப்பில் இருந்தது: சினிமாவில் நம்மாள் வருகிறான் என்றால் நம்மாள்தானே கதாநாயகன்? முடிக்காரப் பயல்களைத் துரத்துகிற ஆள்தானே நல்லவன்? சின்னதிலிருந்து நாங்கள் பார்த்த படம் எல்லாம் அப்படித்தான். வேறு மாதிரியும் ஒரு படம் எடுப்பார்கள் என்று எங்களில் யாருக்கும் தோன்றவே இல்லை.

படம் ஓட ஆரம்பித்தது. ஒரு பையனும் ஒரு பெண்ணும் கலிபோர்னியாவிலிருந்து ஒரு ரொட்டி வண்டியில் கிளம்புகிறார்கள். வண்டி முழுக்கப் பூ வரைந்திருக்கிறது. எங்கே போகிறோம் என்று அவர்கள் சொல்லவே இல்லை. வழியில் யாராவது நின்றால் ஏற்றிக்கொள்கிறார்கள். வயலில் படுத்துத் தூங்குகிறார்கள். மாட்டுத் தொட்டியில் அந்தப் பெண் தலை அலசுகிறாள். பாட்டு வந்துகொண்டே இருக்கிறது.

"கதை எப்போ ஆரம்பிக்கும்?" என்றாள் ஓபல்.

"இதான் கதையாம்," என்றேன்.

"படம் ஆரம்பிச்சதுலேருந்து அந்தப் பொண்ணு செருப்பே போடல பாரு. இந்த வெயில்ல காலு பொத்துப்போகாதா?"

அதற்குள் திரையில் எங்கள் சாலை வந்தது. தினமும் பார்க்கிற சாலை. தந்திக் கம்பமும் தூசியும் வானமுமாக இரண்டு பக்கமும் விரிந்து கிடந்தது. குரோவர் பின்னாலிருந்து, "நம்ம ரோடு இவ்வளவு அழகாவா இருக்கு," என்று முணுமுணுத்தார்.

பிறகு எங்கள் பங்க். பிறகு ஹாய்ட். தியேட்டரே கை தட்டியது. என் மறுபக்கத்தில் உட்கார்ந்திருந்த இவர் கூச்சத்தோடு தொப்பியை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார்.

திரையில் அந்தப் பெண், "பெட்ரோல் போடுங்க சார்," என்கிறாள்.

"பெட்ரோல் இருக்கு. உங்களுக்கு இல்ல," என்கிறார் திரை ஹாய்ட்.

"ஏன் சார்?"

"ஆம்பளைக்குப் போடுவேன், பொம்பளைக்குப் போடுவேன். ரெண்டு பேர்ல யார் யாருன்னு சொல்லு, யோசிக்கிறேன்."

எங்கள் ஆட்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். திரையில் அந்தப் பையன் வண்டியில் சாய்ந்துகொண்டு, "உங்க மகன் இப்படி வந்து நின்னா என்ன செய்வீங்க?" என்று கேட்கிறான்.

ஹாய்ட் பெட்ரோல் குழாயைக் கையில் தூக்கிப் பிடிக்கிறார். "என் மகனா? வண்டியில ஊத்த மாட்டேன். அவன் தலையில ஊத்துவேன். யாராவது தீப்பெட்டி குடுங்கப்பா."

கை தட்டல். பின்னாலிருந்து யாரோ சீழ்க்கையடித்தார்கள். அந்தத் தட்டல் அடங்குவதற்குள் திரையில் அந்த ரொட்டி வண்டி சாலையோரம் எரிந்துகொண்டிருந்தது. யார் கொளுத்தினார்கள் என்று காட்டவே இல்லை. ஹாய்ட்டின் முகம், உடனே நெருப்பு. அவ்வளவுதான். அந்தப் பெண் வெறுங்காலோடு தார்ச் சாலையில் ஓடினாள், சத்தமே இல்லாமல். பூ வரைந்த தகரம் கருகிச் சுருண்டது. எங்கோ ஓரிருவர் இன்னும் தட்டிக்கொண்டிருந்தார்கள். அவர்களும் நிறுத்தினார்கள்.

"இவங்க நம்மளையா சொல்றாங்க?" என்றாள் ஓபல் மெதுவாக.

நான் பக்கத்தில் திரும்பினேன். ஹாய்ட் தொப்பியை இரண்டு கையாலும் நசுக்கிக்கொண்டிருந்தார்.

"சிரிச்சுக்கிட்டேதான் சொன்னேன் வெர்னா," என்றார். "நான் சிரிச்சேன், குரோவர் சிரிச்சான், அந்தப் படக்காரப் பையனும் சிரிச்சான். சிரிப்பை வெட்டிட்டாங்க."

"அது லைலுக்கு எப்படித் தெரியும்?"

அவர் தொப்பியை நீவி நிமிர்த்தித் தலையில் வைத்துக்கொண்டார்.

காட்சி முடிந்து எல்லோரும் ஓபல் கடைக்கு வந்தார்கள். காப்பியும், பெக்கான் கொட்டை வைத்துச் சுட்ட இனிப்புப் பலகாரமும் சாப்பிட்டபடி, பார்த்ததை விட்டுவிட்டுப் பார்க்க வந்ததைப் பேசினார்கள். படம் மோசம், ஆனால் ஹாய்ட் பிரமாதம். "இனிமே நீ பெட்ரோல் போடறதுக்கு முன்னாடி அந்த வசனத்தைச் சொல்லணும். இல்லேன்னா நான் வேற பங்க் போயிடுவேன்," என்றார் குரோவர். ஹாய்ட் எழுந்து பங்க்குக்குப் போய்விட்டார். நான் ஜன்னலோரம் நின்று தெற்கே பார்த்தேன். லைல் வராமல் இருக்கக் கூடாதா என்று வேண்டினேன். வராமல் போய்விடுவானோ என்றும் பயந்தேன்.

பழைய நீலக் கார் ஒன்று சாலையிலிருந்து திரும்பியது. நேரே குழாயடியில் நின்றது. இறங்கியவனுக்குத் தோள் வரைக்கும் முடி.

"இங்க பாருங்கடா, படத்துலேர்ந்து ஒண்ணு இறங்கி வந்துருச்சு," என்றான் யாரோ ஒருவன். கடையே வாசலுக்கு வந்துவிட்டது. அவர்கள் யாருக்கும் அவன் லைல் என்று தெரியவில்லை. நான் கூட்டத்தை விலக்கிக்கொண்டு படியிறங்கினேன்.

ஹாய்ட் குழாயை எடுத்துக் கையில் பிடித்திருந்தார். திரையில் பிடித்திருந்த மாதிரியே.

"சொல்லு ஹாய்ட்," என்றார் குரோவர்.

"சொல்லுய்யா, சொல்லு," என்றார்கள் பின்னால்.

லைல் அப்பாவைப் பார்த்தான். கூட்டத்தைப் பார்த்தான். கையைக் கார்க் கதவிலிருந்து எடுக்கவில்லை. எப்போது வேண்டுமானாலும் உள்ளே தாவ வசதியாக நின்றான். ஹாய்ட்டும் அந்தக் கையைப் பார்த்தார்.

"டேங்க்கை நிரப்பணும் சார்," என்றான். எங்கள் பக்கத்துப் பிள்ளைகள் அப்பனையும் 'சார்' என்றுதான் கூப்பிடுவார்கள்.

அப்போதுதான் குரோவருக்கு அடையாளம் தெரிந்தது. "அட, நம்ம லைல்," என்றார். அவர் குரல் பாதியில் இறங்கிவிட்டது. வாசலில் ஒருவரும் அசையவில்லை.

ஹாய்ட் குனிந்து டேங்க் மூடியைத் திருகித் திறந்து குழாயை உள்ளே விட்டார்.

"ஆயில் பாக்கட்டுமா?" என்றார், வழிப்போக்கனிடம் கேட்பதுபோல.

"பாருங்க சார்."

பானெட்டைத் தூக்கி ஆயில் பார்த்தார். தண்ணீர் பார்த்தார். வாளியிலிருந்து ஸ்பஞ்சை எடுத்து முன் கண்ணாடியில் அப்பியிருந்த பூச்சிகளை ஒவ்வொன்றாகத் தேய்த்தார். யார் வந்தாலும் செய்கிற வேலைதான். அன்றைக்கு அதை அவர் செய்த நிதானம் எனக்குத் தாங்கவில்லை. கத்திவிட்டால்கூடத் தேவலை என்றிருந்தது. கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே, லைலுக்கு மட்டும் கேட்கிற மாதிரி என்னவோ சொன்னார். பக்கத்தில் நின்றதால் எனக்கும் கேட்டது.

"சிரிச்சுக்கிட்டுச் சொன்னது அது. அவங்க வெட்டிட்டாங்க."

"அம்மா சொல்லியிருப்பாங்களே. நான் உங்களைத் தெரியாதுன்னு சொல்லிட்டேன் சார்."

"அவ சொல்லல. சரி விடு."

குனிந்து சக்கரங்களைப் பார்த்தார். பின் சக்கரம் ஒன்றைக் காலால் தட்டினார். "இந்த டயர் வழுக்கையாயிடுச்சு. எவ்வளவு தூரம் போகணும்?"

"தூரம்."

"வடக்கயா?"

லைல் என்னைப் பார்த்தான். நான் தலையைக் குனிந்துகொண்டேன். "ஆமா சார்," என்றான்.

ஹாய்ட் கொட்டகைக்குள் போனார். புது டயர் ஒன்றை உருட்டிக்கொண்டு வந்தார். ஜாக்கி போட்டுச் சக்கரத்தைக் கழற்ற ஆரம்பித்தார். அப்போதுதான் எனக்கு உறைத்தது. மகனை வாசலிலேயே விரட்டிவிடுவாரோ என்று ஃபோன் வந்ததிலிருந்து நான் செத்துக்கொண்டிருந்தேன். இவரோ நிரம்பிய டேங்க்கும் புது டயருமாக அவனை அனுப்பிக்கொண்டிருந்தார்.

"ஹாய்ட், வீட்டுல கோழி பொரிச்சு வச்சிருக்கேன்," என்றேன். "சாப்பிட்டுட்டுப் போகட்டும். ராத்திரி தங்கிட்டுப் போகட்டும்."

"பகல் இருக்கும்போதே கிளம்பணும் வெர்னா."

"ஒரு தட்டு சாப்பிட எவ்வளவு நேரம் ஆகும்?"

"சாப்பிட உக்காந்தான்னா நீ அழுவே. நீ அழுதா இவன் தங்குவான். தங்கினா திங்கட்கிழமை வந்துடும்."

நான் அவரிடம் திங்கட்கிழமையைச் சொல்லவே இல்லை. "உனக்கு எப்படித் தெரியும்?" என்றேன்.

"இவனோட படிச்ச பசங்க எல்லாருக்கும் திங்கட்கிழமைன்னுதான் பட்டாளத்துக் கடிதம் வந்திருக்கு. இவனுக்கு மட்டும் வராதா?"

குரோவர் படியிறங்கி வந்தார். அவருடைய பெரியவன் அப்போது வியட்நாமில் இருந்தான். அவர் வாயில் ஒரு வார்த்தை பிறந்தால் போதும், மாலைக்குள் ஊருக்கே தெரிந்துவிடும். யாராவது ஒருவர் போலீஸுக்கு ஒரு ஃபோன் போட்டால் வழியிலேயே நிறுத்திவிடுவார்கள்.

"எங்கேப்பா கிளம்பிட்டே, இவ்வளவு தடபுடலா?" என்று கேட்டார்.

லைல் வாயைத் திறந்தான். ஹாய்ட் முந்திக்கொண்டார். குனிந்தபடி நட்டை முறுக்கிக்கொண்டே, வாசல்வரை கேட்கிற குரலில் சொன்னார்: "டென்வருக்கு. என் தம்பி கடையில வேலைக்குப் போறான்."

ஹாய்ட்டுக்குத் தம்பி கிடையாது. அது குரோவருக்குத் தெரிந்த அளவு வேறு யாருக்கும் தெரியாது. ஒரே பெஞ்சில் உட்கார்ந்து படித்தவர். இவர் அம்மாவைப் புதைத்தபோது பெட்டியைத் தோளில் தூக்கியவர்.

குரோவர் லைலின் முடியைப் பார்த்தார். டயரைப் பார்த்தார். ஹாய்ட்டின் முதுகைப் பார்த்தார்.

"டென்வர்ல இன்னும் குளிர் இருக்குமே," என்றார் கடைசியில். பிறகு வாசல் பக்கம் திரும்பி, "என்னய்யா வேடிக்கை, உள்ள காப்பி ஆறிப்போவுது," என்று எல்லோரையும் ஓட்டிக்கொண்டு போனார். போகும்போது எங்களைத் திரும்பிப் பார்க்கவே இல்லை. மகன் பட்டாளத்தில் இருக்கிற மனிதர். அது அவருக்கு எவ்வளவு கனமாக இருந்திருக்கும் என்று எனக்குத் தெரியாது. கேட்கவும் துணிவு வந்ததில்லை.

ஓபல் மட்டும் ஓடி வந்து, பெக்கான் பலகாரம் ஒன்றை முழுசாகக் காகிதத்தில் சுற்றி லைல் கையில் திணித்தாள். "தின்னுடா. ஒல்லியா இருக்கே. முடிதான் கனம் தெரியுது," என்றாள்.

ஹாய்ட் சக்கரத்தை மாட்டி ஜாக்கியை இறக்கினார். கையைத் துணியில் துடைத்தார். நீட்டினார். லைல் பிடித்துக் குலுக்கினான். கட்டிப் பிடித்துக்கொள்வார்கள் என்று நினைத்தேன். இல்லை. கை மட்டும்தான். ஆனால் விட நேரமானது.

"நேரா போ. வேகமா போகாதே. வழியில எவன் கேட்டாலும் மரியாதையா பேசு," என்றார் ஹாய்ட்.

"சரி சார்."

நான் அவன் கன்னத்தைத் தொட்டேன். முடி என் கையில் விழுந்தது. சின்ன வயசில் எப்படியிருந்ததோ அப்படியே மென்மையாக இருந்தது. சோப்பு வாசனை வேறு. அழுக்காக இருக்கும் என்று நான் எதற்காக நினைத்தேனோ. "போய்ச் சேர்ந்ததும் ஃபோன் பண்ணு," என்றேன். "ஃபோன்ல எதுவும் சொல்லாட்டியும் பரவாயில்ல. மணி அடிச்சா போதும், நீதான்னு தெரிஞ்சுக்குவேன்."

கார் சாலையில் ஏறி வடக்கே திரும்பியது. கண்ணுக்கெட்டிய மட்டும் நேர்ச்சாலை எங்கள் ஊரில். அதனால் போகிறவன் சீக்கிரம் மறைவதுமில்லை. நீலப் புள்ளி தேய்ந்து, கானலில் நனைந்து, இருக்கிறதா இல்லையா என்று சண்டை போட்டுக்கொண்டிருந்தது.

"அது நல்ல டயர்," என்றார் ஹாய்ட்.

"நான் டயரைக் கேக்கல."

"தெரியும்."

"எல்லையில நிறுத்துவாங்களா?"

"தெரியல வெர்னா."

"முடியைப் பார்த்து நிறுத்துவாங்களா?"

"தெரியலன்னு சொல்றேன்ல."

பின்னால் ஒரு லாரி வந்து நின்று ஹாரன் அடித்தது. ஹாய்ட் போகவில்லை. மறுபடி அடித்தது. நான்தான் போய்க் குழாயை எடுத்தேன். சாலையையே பார்த்துக்கொண்டிருந்ததில் கொஞ்சம் தரையில் சிந்திவிட்டது.

"எவ்வளவும்மா போடுறீங்க, பாத்து," என்றான் லாரிக்காரன்.

"எங்கேர்ந்து வர்றே?" என்று கேட்டேன்.

"வடக்கேர்ந்து, கான்சஸ்லேர்ந்து."

"வழியில எங்கேயாவது போலீஸ் நிக்குதா?"

அவன் என்னை விநோதமாகப் பார்த்தான்.